சாரண ஆசிரியர் சொல்லாமல் விட்டது

பள்ளிக்கூடத்தில் ஒரு வேலையை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் விழிக்கும்போது, கடைசியாகச் சேர்ந்த ஆசிரியரின் தலையில் கட்டுவார்கள் பாருங்கள், அந்த வேலைக்குச் சாரண ஆசிரியர் என்று பெயர். நான் வரலாறு நடத்த வந்தவன். சேர்ந்த இரண்டாவது வாரமே பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கழுத்தில் ஒரு ஸ்கார்ஃபும் குதிகாலில் ஒரு கொப்புளமுமாகத் திரும்பி வந்தேன். சித்தையன்கோட்டைப் பக்கம் எங்கள் பள்ளி. சனிக்கிழமை காலை வெயிலில் முப்பத்திரண்டு பையன்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் போன பிறவியில் புண்ணியம் செய்தவர்கள்.

விசில் யார் கழுத்தில்

எட்டுப் பேர் சேர்ந்தால் ஓர் அணி. அணிக்கு ஒரு தலைவன், விசில் அவன் கழுத்தில். அவனை ஆசிரியர் நியமிக்கக் கூடாது, பையன்களே கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியர் வேறு மாதிரி சொன்னார். பெற்றோர் சங்கத்தில் முக்கியமான ஒருவரின் மகனுக்கு விசிலைப் போட்டுவிடுங்கள் என்றார். நான் பையன்களிடமே விட்டுவிட்டேன். துணிச்சல் ஒன்றும் இல்லை, அவர் சொன்னது எனக்கு மறந்துபோய்விட்டது.

முதல் அணி வீரமணியைத் தேர்ந்தெடுத்தது. ஒன்பதாம் வகுப்பு, ஒல்லிப் பையன். அவன் அப்பா குத்தகைக்கு மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். விடியும் முன்பே மொட்டுப் பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். வருஷம் முழுக்கத் தலைவன் பொறுப்பில் குறை சொல்ல இடமில்லாமல் இருந்தால், ஆளுநர் விருதுத் தேர்வுக்கு அவன் பெயர் போகும். அந்தச் சான்றிதழ் இருந்தால் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கும் என்று யாரோ அவன் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். மனிதர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்பார்.

வகுப்பில் சத்தமாகப் பேசக்கூடத் தெரியாத இவனை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அணியின் துணைத் தலைவன் பாலுவைக் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "திட்டு வாங்குனா அழ மாட்டான் சார். அதுக்குத்தான்."

அவிழாத கொடி

சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டும் பொறுப்பு சாரணர்களுக்கு. பூவை உள்ளே வைத்து மடித்து, கயிற்றை இழுத்தால் சட்டென்று அவிழ்கிற சுருக்காகப் போட வேண்டும். முந்தின வாரம்தான் நான் ரீஃப் முடிச்சு சொல்லிக் கொடுத்திருந்தேன். இழுக்க இழுக்க இறுகும், உயிர் போனாலும் விடாது என்று பெருமையாக வேறு சொல்லியிருந்தேன். பாலு அந்த முடிச்சை இடம் தெரியாமல் கொடியில் போட்டுவிட்டான்.

சிறப்பு விருந்தினர் இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். கம்பம் ஆடியது. கொடி மேலே பொட்டலமாகவே இருந்தது. இறக்கி, பல்லால் கடித்துப் பிரித்து, மறுபடி ஏற்றினோம். அதுவரை விருந்தினர் சல்யூட் அடித்த கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். விழா முடிந்ததும் தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் யார் கட்டியது என்று கத்தினார். வீரமணி ஓர் அடி முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றான். கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவனைத் தனியே கூப்பிட்டு, நீ கட்டவில்லையே, ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "அவன் முடிச்சு நல்லாத்தான் போட்டான் சார், அதான் அவுரல" என்றான்.

பட்டினித் தலைவர்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க, ஒட்டன்சத்திரம் தாண்டி எங்களை நிறுத்தினார்கள். பாத யாத்திரைக் கூட்டம் நிற்கவே இல்லை. பையன்களின் கை தண்ணீரில் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது. மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. வந்ததில் ஒன்று குறைந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அணியில் எல்லாரும் கையலம்பிய பிறகுதான் தலைவன் இலையைப் பிரிப்பான். ஆசிரியருக்கு அப்படி ஒரு விதி இல்லாததால் நான் முதலிலேயே சாப்பிட்டு, ஒரு மரத்தடியில் சாய்ந்துவிட்டேன். வீரமணி சாப்பிடவில்லை என்பது நாலு மணிக்கு அவன் குடத்தோடு சரிந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மாமியாரோடு நடந்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் தன் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோற்றை அவனுக்கு உருட்டிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க வாத்தியாரே, தலைவருன்னா பட்டினி கெடக்கோணும்னு உங்க பொஸ்தகத்துல எழுதியிருக்குதுங்களா?"

இருபது நிமிஷம்

இனி நான் சொல்வது சிரிப்பதற்கில்லை.

மாசி மாதம் ஆத்தூர் அணைக்கரைக்கு நடைபயணம் போனோம். தண்ணீர் இருக்கிற இடத்தில் ஆசிரியர் கரையை விட்டு நகரக் கூடாது. இது எழுதிய விதி. இதில் கையெழுத்துப் போட்டுத்தான் அனுமதி வாங்கியிருந்தேன். சமையல் முடிந்து, சாப்பிட்டு, பையன்கள் பாத்திரம் கழுவத் தொடங்கினார்கள். எனக்கு டீ குடிக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். "செத்த நேரத்துல வந்துர்றேன், பாத்துக்க" என்று வீரமணியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். கடையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. செத்த நேரம் இருபது நிமிஷமானது.

ஏழாம் வகுப்புப் பிரபு குழம்புச் சட்டியோடு பாசிப் படியில் வழுக்கி உள்ளே போய்விட்டான். விழும்போது நெற்றி கல்லில் பட்டிருக்கிறது. வீரமணி படியில் குப்புறப் படுத்து மூங்கில் தடியை நீட்டியிருக்கிறான். அது எட்டவில்லை. பாலுவைத் தன் காலைப் பிடிக்கச் சொல்லி, இடுப்பு வரை தண்ணீருக்குள் இறங்கி, பிரபுவின் ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்திருக்கிறான். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது பிரபு கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் ரத்தம். என் கையில் பாதி வடை இருந்தது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

பரிசலில் வந்திறங்கிய மீன்காரர் கோபத்தில் நடுங்கினார். "ஏலே, இம்புட்டுப் பயலுகள விட்டுட்டு ஒங்க வாத்தியாரு எங்கலே போனாரு?" என்று கேட்டார். வீரமணிக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நான் நிற்பதை அவன் பார்த்துவிட்டான். "இங்கனதாண்ணே நின்னாரு."

தலைவர்கள் கூட்டம்

பிரபு பிழைத்துக்கொண்டான். நெற்றியில் தையல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அவன் அம்மா பள்ளிக்கு வந்து அழுதார். யார் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் மேலே போய்விடும் என்றார் தலைமையாசிரியர். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது.

எங்கள் சாரணர் படையில் தப்பு நடந்தால் அதை அணித் தலைவர்கள் நான்கு பேரும் கூடித்தான் விசாரிப்பார்கள். ஆசிரியர் பேசலாம், ஆனால் ஓட்டு இல்லை. முடிவை நோட்டில் எழுதும் முன் ஆசிரியரிடம் ஒரு தரம் கேட்க வேண்டும் என்பது நானே வைத்த வழக்கம். திங்கட்கிழமை மதியம், வரலாற்று வகுப்பறையில், வீரமணி எழுந்து நின்றான். சின்னப் பையனைத் தனியாக ஆழப் படிக்கு அனுப்பியது நான்தான், ஆசிரியர் அப்போது மற்ற அணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றான். விசிலைக் கழற்றி மேசையில் வைத்தான். மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்லக் கை தூக்கினார்கள். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

நோட்டில் எழுதுவதற்காகப் பேனாவோடு உட்கார்ந்திருந்த பாலு நிமிர்ந்து, "சார், நீங்க சொல்ல எதுவும் இருக்கா?" என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தில் கெஞ்சல் இருந்தது.   இல்லை என்று தலையாட்டினேன்.  அவன் நோட்டின் மேல் குனிந்தான். "அப்ப எழுதிக்கிறேன் சார்."

தோட்டத்தில்

விருதுத் தேர்வுப் பட்டியல் பங்குனியில் போனது. வீரமணி பெயர் அதில் இல்லை. அவன் அப்பா என்னைப் பார்த்தால் கேட்பதை நிறுத்திவிட்டார். வழியில் எதிர்ப்பட்டால் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, நான் போகும்வரை தலையைக் குனிந்துகொண்டிருப்பார். மகன் செய்த தப்புக்காக அவர் வெட்கப்பட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. வேலை நிரந்தரமான உத்தரவு கைக்கு வந்த வாரம் எனக்கு நெஞ்சில் தைரியம் வந்தது. அது எப்போது வந்தது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், நானும் கவனித்தேன்.

காலையில் தோட்டத்துக்குப் போனேன். வீரமணி மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் விறைப்பாக நின்று, மூன்று விரலால் சல்யூட் வைத்தான். தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன், அடுத்த வருஷமாவது உன் பெயர் போகட்டும் என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. பாத்தியின் மறுகோடியில் குனிந்திருந்த அப்பாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "வேணாம் சார். நான் கவனமில்லாதவன்னு எங்கப்பாவுக்கு இப்பத்தான் பழகியிருக்கு. நீங்க போய்ச் சொன்னீங்கன்னா, கூட்டத்துல எந்திரிச்சு பொய் சொன்னவன்னு வேற ஆயிரும்."

நான் சொல்லவில்லை, வருஷா வருஷம் ஆனி மாதம் புதிதாகச் சேரும் பையன்களுக்கு 'தலைவனின் கடமைகள்' என்ற வகுப்பை இன்னும் நான்தான் எடுக்கிறேன், நன்றாகவே எடுக்கிறேன் என்கிறார்கள்.