ஆறாவது ஸ்டூல்

எங்கள் ரூபஸ் டார்ப்ளி போதகர் பிறவியிலேயே சாந்தமானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மர அறுவை ஆலையில் கூலி வேலை பார்த்த காலத்தில் இரண்டு பேரின் தாடையை உடைத்தவர் அவர்.

அந்தக் கோபத்தின் வேர் எனக்குத் தெரியும். அவருக்கு அப்போது ஒன்பது வயது. ஊர்த்துணி வெளுத்துப் பிழைத்த அவருடைய தாய் கோரா, நிறைமாதக் கர்ப்பிணி, மகனோடு பிளெட்சர் மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே காபி கவுண்டரும் உண்டு. அமெரிக்கத் தெற்கில் அன்று அதில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் உட்காரலாம். மயக்கம் வந்து, அதன் ஆறாவது ஸ்டூலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஒரு நிமிடம்! பிளெட்சர் அவளை முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினான். எங்கள் கறுப்புக் கையிலிருந்த காசு அவர்களுக்கு இனித்தது. எங்கள் உடம்புதான் கசந்தது. பிறந்த குழந்தை மூன்று நாள்கூடத் தங்கவில்லை.

முப்பது வருடம் கழித்து, 1960-இல், அதே கவுண்டரில் நாங்கள் ஆறு பேர் போய் உட்காருவது என்று போதகர் தீர்மானித்தார். அவர்கள் என்ன செய்தாலும் நாங்கள் கை ஓங்கக் கூடாது. அதற்காக ஆலயத்தின் கீழறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. என்ன உலகம் இது! துப்பலைத் தாங்குகிறவனுக்குப் பயிற்சி வேண்டியிருந்தது. துப்புகிறவனுக்கு அது தாய்ப்பாலோடு வந்திருந்தது.

வெள்ளைக்காரர் வேஷம் வயோலா அக்காவுக்கு. ஐம்பத்தெட்டு வயது. நீதிபதி வீட்டுச் சமையல்காரி.

"வசனம் எழுதித் தரட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குடி? முப்பது வருஷமா தெனமும் காதுல ஊத்துறாங்களே, அது போதாதா?"

ஒத்திகையில் கை ஓங்கினவர் சனிக்கிழமை கடைக்கு வரக் கூடாது. போதகரே போட்ட விதி அது. வெள்ளிக்கிழமை மாலை கடைசியாக அவர் முறை வந்தது. ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தார். வயோலா அக்கா அவர் தலையில் குளிர்ந்த காபியை ஊற்றினாள். அசையவில்லை. முகத்தில் துப்பினாள். அசையவில்லை. பிறகு குனிந்து சொன்னாள்:

"டேய், உங்க ஆத்தாள முடியப் புடிச்சு இழுத்தப்ப வேடிக்கை பாத்துட்டு நின்ன பய தானே நீ?"

நாற்காலி சரிந்தது. ஓங்கிய கை அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"நான் சொல்லலேன்னா நாளைக்கு பிளெட்சர் மகன் சொல்லுவான், தம்பி," என்று வயோலா அக்கா விம்மினாள்.

எங்கள் ஆலயத்து உதவி ஊழியர் டீக்கன் ஓட்டிஸ் பதறினார். "பாஸ்டருக்குமா விதி? அவர் இல்லாம எப்படி?"

"எனக்கு முதல்ல," என்றார் போதகர். "நான் வரலை."

"அப்ப அந்த ஆறாவது ஸ்டூல்ல நான் உக்காருறேன்," என்றாள் வயோலா அக்கா. "இவ்வளவு நாள் திட்டிட்டேன். வாங்கிக்கவும் தெரியணும்ல?"

சனிக்கிழமை அவள் ஆலயத்துக்குப் போடும் ஊதாத் தொப்பியோடு வந்தாள். நான் ஐந்தாவது ஸ்டூலில். கவுண்டருக்குப் பின்னே இருந்த கண்ணாடியில், தெருவின் எதிர்ப்புறம் விளக்குக் கம்பத்தை இறுகப் பிடித்தபடி போதகர் நிற்பது தெரிந்தது.

பிளெட்சரின் மகன் வந்தான். "ஏ கெழவி, எந்திரி."

"ஒரு காபி குடுங்க. குடிச்சிட்டுப் போறேன்."

கொடுத்தான்! கொதிக்கக் கொதிக்க, அவள் தலையிலும் கழுத்திலும். ஊதாத் தொப்பி கறுத்துச் சொட்டியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். கண்ணாடியில் நான் போதகரைப் பார்த்தேன். அந்தக் கை மட்டும் கம்பத்தை விட்டுவிட்டால்? ஒரு அடி போதும். எங்கள் ஆறு பேரின் பொறுமையையும் கலகம் என்று எழுதிவிடுவார்கள். கை விடவில்லை.

போலீஸ் வந்தது. ஊற்றியவன் கோப்பை துடைக்க உள்ளே போனான். வெந்தவளுக்குத்தான் விலங்கு! அமைதியைக் குலைத்தாளாம்.

அப்போதுதான் போதகர் கம்பத்தை விட்டார். தெருவைக் கடந்து வந்து, போலீஸ்காரன் முன்னால் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"நீ என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலீங்க," என்றார் போதகர். "அதைக் கத்துக்கத்தான் முப்பது வருஷம் ஆச்சு."

விலங்கு பூட்டினார்கள். வண்டியில் ஏறும்போது வயோலா அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப பாஸாயிட்டீங்க, பாஸ்டர்."