கைரேகை வளரும் வரை

பாலிஷ்காரர் கையை நீட்டினால் விசா ஆபீஸ் மெஷின் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வலது கை, இடது கை, எந்த விரலிலும் ரேகை விழவில்லை. இருபத்திரண்டு வருடம் மொசைக் தரைகளை உரசி உரசிப் பளபளப்பாக்கியவர். தரையோடு சேர்ந்து விரலும் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. கையுறை போடலாமே என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "வெறுங்கையால தடவிப் பாக்காம சொரசொரப்பு எப்படிங்க தெரியும்?" என்பார்.

விசா கிடைத்தால்தான் பயணம்; பயணம் போனால்தான் பிள்ளை. கடல் தாண்டி ஒரு காப்பகத்தில் ஐந்து வயதுப் பெண்குழந்தையை அவருக்கும் மனைவிக்கும் தத்துக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். மூன்று வருடம் நடையாய் நடந்து, புருஷனும் பெண்டாட்டியும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டிய தேதியும் குறித்தாகிவிட்டது. வீடியோவில் அவள் வெட்கப்பட்டுச் சிரித்ததை அவர் கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. "ஒரு மாசம் கல்லு, சிமெண்டு எதையும் தொடாதீங்க. ரேகை தானா வளந்துரும். தேதிக்குள்ள முடிச்சிரலாம்" என்றாள்.

வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி தினமும் அவர் விரலுக்கு எண்ணெய் தடவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பன்னிரண்டாம் நாள் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அன்றைக்குத்தானா மேஸ்திரி போன் செய்ய வேண்டும்?

"ஆஸ்பத்திரித் தரைண்ணே. பசங்க கெடுத்து வச்சிருக்காங்க. உங்களை விட்டா ஆளில்ல. நாலே நாள்."

அந்த வார்த்தையில் உச்சி குளிர்ந்துபோனார். மனைவி வாசலை மறித்து நின்றாள். "நாலு நாள்ல என்ன தேஞ்சிரப் போவுது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தரை கண்ணாடியாக வந்தது. மெஷின் மறுபடியும் மாட்டேன் என்றது.

தேதி போயிற்று, டிக்கெட்டும் போயிற்று. புதுத் தேதிக்கு ஏழு மாதம் காத்துக் கிடந்தார்கள். அந்த ஏழு மாதமும் அவர் கல்லைத் தொடவில்லை. இந்தத் தடவை மெஷின் ரேகையை ஏற்றுக்கொண்டது. கடைசியில் வீடு வந்த குழந்தை ஒரு வருடம் அவர் கையைப் பிடிக்கவே இல்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டவர்களிடமெல்லாம் மனைவி, "பாழாப்போன மெஷின், வேற என்ன" என்று சொல்லிவைத்தாள். புருஷனை விட்டுக்கொடுக்க மனமில்லாத பொய். அவரும் தலையாட்டினார். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல? உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பதினான்கு வயதில், ஒரு சாயங்காலம், மகள் பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, மொதல்ல சொன்ன தேதிக்கு நீங்க வராததுக்கு நெஜமாவே மெஷின்தான் காரணமா?"

சமையலறையிலிருந்து மனைவி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இல்லம்மா. போகாதேன்னு உங்கம்மா சொல்லியும் வேலைக்குப் போயிட்டேன். போகாம இருந்திருந்தா வந்திருப்பேன்."

அவள் புத்தகத்தை மூடிவைத்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அன்னைக்கு எனக்குத் தலை வாரி, புதுக் கவுன் போட்டு, வாசல் கேட்டுக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்கப்பா" என்றாள். "இருட்டினதும் உள்ள கூப்பிட்டாங்க. நான் போகல. நான் உள்ள போன நேரம் பாத்து நீங்க வந்தா, யாருமில்லன்னு திரும்பிப் போயிருவீங்கல்ல?"