அவள் ஜன்னலில் கட்டிய குளவி

மேற்கு மாம்பலத்தில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் மாமியாரோடு ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கொழுந்தனாரின் மனைவி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் அறை ஜன்னலில் ஒரு குளவி மண்கூடு கட்டியது.

"குளவி கட்டினா வீட்ல குழந்தை வரும். யாரும் கை வைக்காதீங்க" என்றார் மாமியார், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அன்றிலிருந்து என் அறை ஜன்னலையும் நாள் முழுக்கத் திறந்து வைத்தேன். கொசுதான் வந்தது.

மாமியார் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தோசைத் திருப்பியால் அந்தக் கூட்டைச் சுரண்டினேன். பாதி உதிர்வதற்குள் குளவி என் புறங்கையில் கொட்டிவிட்டது. ஹாலில் லேப்டாப்போடு ஆபீஸ் வேலையில் இருந்தவள் அலறல் கேட்டு ஓடிவந்தாள். உதிர்ந்த மண்ணையும் என் கையிலிருந்த திருப்பியையும் பார்த்தாள். சுண்ணாம்பு எடுத்துவந்து கொட்டிய இடத்தில் தடவினாள்.

"நல்லதாப் போச்சுக்கா" என்றாள் மெதுவாக. "அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தை என் வயித்தையே பார்க்கறாங்க. ரெண்டு வருஷத்துக்குக் குழந்தை வேணாம்னு இருக்கோம். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

மீதிக் கூட்டைத் துடைப்பத்தால் தள்ளியதும் அவள்தான். ஏதோ பூனை வந்து கூட்டைத் தட்டிவிட்டது, பார்க்கப்போன அக்காவைக் குளவி கொட்டிவிட்டது என்று மாமியாரிடம் பொய் சொன்னதும் அவள்தான்.

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பொறாமை அடங்கவில்லை. வேண்டாம் என்று அவளால் சொல்ல முடிகிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.