எண்ணெய்த் தலையும் சவுரியும்

பதினேழு வயதில் எனக்கு மலேரியா வந்தது. காய்ச்சல் போகும்போது தலைமுடியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வரும். இடுப்பைத் தொட்ட பின்னல் எலிவாலாகிவிட்டது. முழங்கையும் குதிகாலும் சாம்பல் பூத்து வெடித்தன. இந்த லட்சணத்தில் கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை.

"யாருன்னு தெரியுதா? பத்துமலையில மோர் ஊத்துனானே, அந்தப் பையன்தான்" என்றார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைப்பூசத்தன்று அந்தத் தண்ணீர்ப் பந்தலுக்குத் தாகமே இல்லாமல் மூன்று தடவை போனவள் நான்! வேறு யாராவது வருவதாக இருந்தால் மொட்டைத் தலையோடு நின்றிருப்பேன். இவர் வேண்டும் எனக்கு. இந்தத் தலையோடு அவர் முன்னால் எப்படி நிற்பது?

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டு அக்கா, குழம்புக்குப் போடும் புவா கெராஸ் கொட்டையைக் கருக வறுத்து இடித்து, தேங்காய்ப்பாலில் காய்ச்சி எண்ணெய் எடுக்கலாம் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். அம்மா விடுவாரா? "செம்பருத்தியும் கறிவேப்பிலையும் இல்லாம அது என்ன எண்ணெய்?" என்று அவர் பங்குக்கு அள்ளிப் போட்டார். பால் வற்றி எண்ணெய் பிரிந்தபோது வாசனை வரிசை வீடுகள் முழுவதும் போனது. வேலையிலிருந்து வந்த அப்பா, "என்ஜினே வீட்டுக்குள்ள வந்துருச்சா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

காலையும் மாலையும் தலையில் தேய்த்தேன். கையில் மிஞ்சியதை முழங்கையிலும் குதிகாலிலும் தடவினேன். பத்தே நாளில் வெடிப்பு மூடி, தோல் வாழை இலை மாதிரி வழுவழுத்தது. முடிதான் அசையவில்லை. பிறகு ஒரு நாள் முகம் கழுவும்போது நெற்றி ஓரத்தில் விரலுக்குச் சொரசொரவென்று என்னவோ தட்டுப்பட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! "அம்மா! முளைக்குது! முளைக்குதும்மா!" என்று ஈரக் கையோடு தெருவரைக்கும் ஓடினேன். காய்ச்சலில் கொட்டிய முடி தானாகவே வளரும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அது எண்ணெய்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அது விரற்கடைதான் வளர்ந்தது. அம்மா பாசாரிலிருந்து ஒரு சவுரி வாங்கி வந்தார். காலையில் வழக்கம்போல் எண்ணெய்க் குளியல். குளித்த பிறகும், "பளபளன்னு இருக்கணும்லா" என்று இன்னொரு கை எண்ணெயைத் தேய்த்து, அதன் மேல் சவுரியை வைத்துப் பின்னி மல்லிகைச் சரம் சுற்றினார். எண்ணெய் வழியும் எலிவாலில் சவுரி எப்படி நிற்கும்? அந்தப் பரபரப்பில் எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காலில் விழுந்தேன். நான் எழுந்தேன், பின்னல் எழவில்லை. பூவும் குஞ்சலமுமாக அந்த அம்மாவின் காலடியிலேயே கிடந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "காய்ச்சல்ல கொட்டிருச்சு. இப்ப முளைக்குது. வேணும்னா தொட்டுப் பாருங்க" என்று தலையை நீட்டினேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா நிஜமாகவே தொட்டுப் பார்த்தார். நெற்றி ஓரம் முழுக்க விரலால் தடவினார். "ஆமா, முளைக்குது. என்ன எண்ணெய்? போறப்ப எனக்கு ஒரு போத்தல் ஊத்திக் குடு" என்றார். பிறகு சவுரியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"மூணு தடவ மோர் வாங்குன பொண்ணுன்னுதான் இவன் அடையாளம் சொன்னான். முடியப் பத்தி ஒண்ணுமே சொல்லல."