வெயிலுக்கு வந்த மிக்கேல்ராஜ்

தாராவியில் சேசம்மாளுக்கு வாய்த்தது பத்துக்குப் பத்து அறை. சந்து அவ்வளவு நெருக்கம். நடுப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, தையற்கடை சலாவுதீன் அனுப்பும் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். புருஷன் தனசீலனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை.

அவர்களுடைய முதல் பிள்ளை ஒன்பதாம் நாளே போய்விட்டது. பார்க்க வந்த கூட்டத்தின் கண்தான் கொண்டுபோனது என்று யாரோ சொன்னது சேசம்மாள் மனசில் முள்ளாய்த் தைத்துவிட்டது. அதனால் 1963-இல் மிக்கேல்ராஜ் பிறந்தபோது, ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனதோடு சரி. அப்புறம் அவனை வாசப்படி தாண்ட விடவில்லை. யாராவது எட்டிப் பார்த்தால் தூங்குகிறான் என்று சொல்லிவிடுவாள்.

பிள்ளைக்கு ஒரு வயசு முடிந்தது. பல் முளைக்கவில்லை. தினமும் காலையில் கையைக் கழுவிக்கொண்டு ஈறைத் தடவிப் பார்ப்பாள். மெத்தென்றுதான் இருக்கும். பக்கத்துச் சந்திலிருந்த நாத்தனார் ஏஞ்சலம்மாளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை.

"பதினாலு மாசமாச்சு, ஒரு பல்லக் காணோமே. பேச்சும் வராமப் போயிருமோ என்னமோ," என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சேசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

சட்டைக் கட்டை வாங்க ஒருநாள் நேரே உள்ளே வந்துவிட்ட சலாவுதீன் மனைவி சாயிராதான் வேறு ஒன்றைக் கவனித்தாள். நாலு பிள்ளை பெற்றவள். தன் மூன்றாவதுக்கும் பல் தாமதம்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் இவன் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறானே என்று அரைத் தமிழும் பம்பாய் இந்தியுமாகச் சொன்னாள். மறுநாளே தாயையும் பிள்ளையையும் சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் ஷ்யாமளா, தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா பக்கத்துக்காரி. தமிழைக் கேட்டதும் சேசம்மாளுக்குப் பாதி பயம் போயிற்று. டாக்டர் பிள்ளையின் உச்சிக்குழியை விரலால் அழுத்திப் பார்த்தாள். இந்த வயசிலும் அது அகலமாய்த் திறந்து கிடந்தது. மணிக்கட்டு இரண்டும் புடைத்திருந்தன. எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொல்லி அதையும் பார்த்தாள். வெறும் பல் தாமதம் பல பிள்ளைகளுக்கு உண்டு, அது வியாதியில்லை, ஆனால் இவனுக்கு எலும்பே வலுக்கவில்லை என்றாள்.

"வெயில்ல எடுத்துண்டு போற வழக்கமே இல்லையா?"

சேசம்மாள் தலை குனிந்தாள். "கண்ணு பட்டுருமேன்னு எடுக்கதில்ல டாக்டரம்மா. மூத்தது அப்படித்தான் போயிட்டு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "அது போனதுக்கு நீயும் காரணமில்லை, ஊர்க் கண்ணும் காரணமில்லை. மீன் எண்ணெய் எழுதித் தரேன். ஆனா பாதி மருந்து வெயில்தான். அதை நீதான் குடுக்கணும்."

வீடு வரும்வரை சேசம்மாள் அழுதுகொண்டே வந்தாள். பொத்திப் பொத்தி வைத்ததே பிள்ளைக்குக் கேடாகிவிட்டதே என்று தனசீலனிடம் சொல்லி மாய்ந்தாள். அவன் அதிகம் பேசாதவன். "தெரிஞ்சா செஞ்ச?" என்று மட்டும் கேட்டான்.

சந்தில் வெயிலுக்கு எங்கே போவது? தனசீலன் ஷாப் மேஸ்திரி பூலோகத்திடம் போய் நின்றான். தோல் காயப்போடும் களத்தில் ஒரு மூலையை அவர் ஒதுக்கிக் கொடுத்தார். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் தாராவியில் அவ்வளவு வெயில் வேறெங்கும் விழாது.

முதல் நாள் பிள்ளையைத் துண்டால் மூடித்தான் கொண்டுபோனாள். வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். துண்டை விலக்கினாள். மிக்கேல்ராஜ் கண்ணைச் சுருக்கினான், இரண்டு தரம் தும்மினான், பிறகு தரையில் விழுந்த தன் நிழலைப் பிடிக்கக் கையை நீட்டினான். அதற்குமுன் அவன் தன் நிழலை வெயிலில் கண்டதில்லை.

அன்றிலிருந்து சட்டைக் கட்டோடு தினமும் அங்கேதான். இரண்டு மாசத்தில் சாயாமல் உட்கார்ந்தான். பதினேழாம் மாசம் ஏஞ்சலம்மாள் ஈறைத் தடவிப் பார்க்கப் போய்க் கடி வாங்கினாள். கீழே இரண்டு பல், அரிசி முனைபோல. விரலை உதறிக்கொண்டே அவளும் அழுதாள். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். சேசம்மாள் யாரையும் தடுக்கவில்லை.

நடக்க இன்னும் நாளாயிற்று. பள்ளிக்கூடம் சேரும்வரை கால் கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. தமிழும் இந்தியும் கலந்து ஓயாமல் பேசினான். 1967-இல் தெரசம்மாள் பிறந்தாள். நாற்பது நாள் கழிந்த மறுநாள், சேசம்மாள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பார்ப்பவர்களுக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக் காட்டியபடி களத்துக்கு நடந்தாள்.