கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் கொடுத்த ஹெல்மெட்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். காலையில் நாங்கள் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வந்தவர்கள் வாசலில் நிற்பார்கள். என் ஊர் சாணார்பட்டிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் வருகிற பஸ்ஸை விட்டேன் என்றால், நான் அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் பசி தாங்காமல் டீ குடித்துவிடுவார்கள். குடித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள். திட்டுவதில் நியாயமும் இருந்தது.

வீட்டில் ஸ்கூட்டர் இல்லாமல் இல்லை. எனக்காகவே வாங்கியது. லைசென்ஸும் எடுத்திருந்தேன். ஆனால் வண்டி எடுத்த புதிதில், பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வர, பிரேக்கை இறுக்கிப் பிடித்து விழுந்தேன். முழங்கையில் தையல் போட்டார்கள். வலிகூட மறந்துவிட்டது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்து தூக்கியதும், எங்கள் லேப் ஆட்கள் வாசலில் நின்று பார்த்ததும் மறக்கவில்லை. அதோடு வண்டி கொல்லைப்புறத்தில் சாக்கு மூடி நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிப்பவர். இருட்டோடு கிளம்பிவிடுவார். என்னைக் கொண்டுவந்து விட அவருக்கு வழியில்லை.

டிசம்பர் பிறந்ததும் எங்கள் லேபில் கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் விளையாடுவார்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண்தான் ஏற்பாடு. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி, சாம்பிள் பிடிக்கிற டப்பா ஒன்றில் போட்டுக் குலுக்குவாள். “புது டப்பாதான், பயப்படாம கைய விடுங்க” என்பாள். யாருக்கு யார் பெயர் வந்தது என்று சொல்லக் கூடாது. அந்த வாரச் சனிக்கிழமைக்குள் பரிசைப் பெயர் எழுதி அவள் மேஜைக்கு அடியில் வைத்துவிட வேண்டும். கொடுத்தது யார் என்பது கிறிஸ்மஸுக்கு முன்னால் கேக் வெட்டும் அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு வாட்ச்மேன் அண்ணன் பெயர் வந்தது. ஒரு டார்ச் லைட் வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை எனக்கு வந்த பெட்டி பெரிதாக இருந்தது. பிரித்தால் மெரூன் கலரில் ஒரு ஹெல்மெட்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ரிசப்ஷன் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “உங்களப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்கதான்க்கா குடுத்திருக்காங்க” என்றாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது. நான் விழுந்ததைக் குத்திக்காட்டத்தான் யாரோ இதைச் செய்திருக்கிறார்கள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். அது அவள்தான் என்றும் முடிவு கட்டினேன்.

பையில் அடங்காத அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, “ஏக்கா, எங்க டிரைவர் மேல அம்புட்டு நம்பிக்கையா?” என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலையில் இடப்பக்கம் தெரிகிற சிறுமலை இப்போது வலப்பக்கம் மங்கலாகக் கூடவே வந்தது. ஊர் வந்து இறங்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கேக் வெட்டுகிற அன்றைக்கு நான் வண்டியில்தான் போய் இறங்குவது. கொடுத்தவள் முகத்தைப் பார்த்து, “உன் பரிசு நல்லா உதவுச்சும்மா” என்று ஒரு வார்த்தை சொல்வது.

வீட்டுக்காரர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வண்டிய வித்துரலாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே” என்றார்.

“விக்க வேணாம். நாளைக்குப் பேட்டரிய மட்டும் பாத்துக் குடுங்க.”

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சு பேசாமல் சாக்கை எடுத்தார்.

ஊருக்கு வெளியே நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் ஆரம்பித்தேன். வேலை விட்டு வந்ததும் சேலையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு போய்விடுவேன். வண்டி நகர்ந்ததுமே என் கால் இரண்டும் தானாகத் தரையைத் தேடும். பாதத்தைத் தேய்த்துக்கொண்டே ஓட்டி ஒரு ஜோடி செருப்பு அறுந்தது. களத்தில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் யோசனை சொன்னார்கள். கடைசியில், வண்டி வந்தால் சாக்கை இழுத்துக்கொண்டு வழிவிடப் பழகிவிட்டார்கள். நேராகப் போவது சீக்கிரம் வந்தது. திருப்பம்தான் வரவில்லை. வலப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் அந்த ஆட்டோ வந்து நிற்கிற மாதிரி இருக்கும். கை தானாக பிரேக்கை இறுக்கும். இருந்தாலும் விடவில்லை. வலப்பக்கமே சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் வர, நத்தம் ரோட்டில் சாணார்பட்டி வரை போனேன். எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்ததும் மண்ணில் இறங்கி நிறுத்திவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து நிறுத்தி, “திரும்பிருவமா?” என்றார்.

“இல்ல. சாணார்பட்டி போயித்தான் திரும்புறது.”

போய்த்தான் திரும்பினோம்.

கேக் வெட்டும் நாள் காலையில் ரோட்டில் நல்ல பனி. பஸ் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். கொடுத்த ஆள் மேல் எத்தனை கோபம் இருந்தாலும் அந்த ஹெல்மெட்டைத்தான் போட்டிருந்தேன். திண்டுக்கல்லுக்குள் நுழைந்ததும் பஸ் ஸ்டாண்டு திருப்பம் வந்தது. வேகத்தைக் குறைத்து, கையைக் காட்டி, திருப்பினேன். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேப் வாசலில் ஸ்டாண்டு போட்டபோது வாட்ச்மேன் அண்ணன் மட்டும், “ஏத்தா, நீயா?” என்று எழுந்து நின்றார்.

மதியம் கேக் வெட்டினார்கள். ஒவ்வொருவராக எழுந்து யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்ல வேண்டும். ரிசப்ஷன் பெண் எழுந்தாள். நான் என் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ, எக்ஸ்ரே எடுக்கிறவருக்குச் சட்டை கொடுத்தது தான்தான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியாக எழுந்தது மாடியில் ஈசிஜி எடுக்கிற பெண். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. அதிகம் பேசமாட்டாள். ஒருமுறை கீழே உதவிக்கு வந்து சாம்பிளில் பெயர் மாற்றி ஒட்டியதற்கு நான் அவளைக் கடிந்திருக்கிறேன். மற்றபடி எங்களுக்குள் பேச்சு கிடையாது.

“அக்காவுக்கு ஹெல்மெட் குடுத்தது நான்தான்” என்றாள்.

“எதுக்கும்மா ஹெல்மெட்?” என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் சாணார்பட்டிலருந்து வண்டியிலதான் வாரேன்க்கா. தினம் நீங்க பஸ்ஸுக்கு நிக்கிறதப் பாப்பேன். ஒருநாள் உங்க பக்கத்துல வந்து நிறுத்துனேன். நீங்க தள்ளிப் போய் நின்னுக்கிட்டீங்க. என்கிட்ட ரெண்டாவது ஹெல்மெட்டும் இல்ல. பின்னால உக்காந்தாலும் ஹெல்மெட் போடணும்ல. உங்க பேரு வந்ததும் அதையே வாங்கிட்டேன். இன்னைக்குச் சொல்லிட்டு, நாளையிலருந்து கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்.”

எனக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி, மேலே ஹெல்மெட் போட்ட யாரோ ஒருத்தி வண்டியைப் பக்கத்தில் நிறுத்தினாள். இருட்டில் யார் என்று தெரியாமல் நகர்ந்து நின்றேன். நான் விழுந்த கதை இவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதற்கெல்லாம் பிறகு சேர்ந்தவள்.

தயாராக வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அவளே, “இனிமே உங்களுக்குத் தேவைப்படாதுல்லக்கா, நீங்களே ஓட்டுறீங்க” என்றாள். அவள் முகம் வாடியிருந்தது.

“யாரு சொன்னா? வரும்போது ரோடு காலியாக் கெடந்துச்சு. சாயங்காலக் கூட்டத்துல எனக்கு எப்பிடிப் போறதுன்னு தெரியாது. நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன்” என்றேன்.

அன்றைக்கு அப்படித்தான் போனோம். லாரி நெரிசலில் அவள் ஓரம் கட்டி எனக்காக நின்றாள். என் ஊர் விலக்கு வந்ததும் கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு பேரும் ஒரே ரோட்டில் இரண்டு வண்டி ஓட்டுவானேன் என்று இப்போது முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வாரம் அவள் வண்டி, ஒரு வாரம் என் வண்டி. என் முறை வந்தால் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, சாணார்பட்டிக்கே போய் அவளை ஏற்றிக்கொண்டு வருவேன். முதல் நாள் அப்படி ஏறியபோது அவள் என் தோளை இறுக்கமாகப் பிடித்திருந்தாள்.

“பயமா இருக்கா?”

“லேசா இருக்குக்கா.”

“எனக்கும்தான். பிடிச்சுக்க” என்று வண்டியை எடுத்தேன்.