ஏழு மாதத்துப் பிள்ளைகளின் சட்டை

லிவர்பூலில் எங்கள் மாதா கோயில் கூடத்தில் புதன்கிழமைப் பிற்பகல்களில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கம்பளித் தொப்பி பின்னுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு சாத்துக்குடிக்கு மாட்டினால் சரியாக இருக்கும். முதல் நாள் பார்த்தபோது பொம்மைக்கு என்றே நினைத்தேன். கூட்டத்தை நடத்தும் மிஸஸ் ஹார்டியிடம் கேட்டால், "நோ டியர், ஃபார் தி ஏர்லி பேபீஸ்" என்றார். விடியற்காலையில் பிறக்கும் பிள்ளைகளுக்குக் குளிருமாக்கும் என்று நானும் ஊசியை வாங்கிக்கொண்டேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். மாதம் முந்திப் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் பிள்ளைகள் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. புரிந்த அன்று விரல் ஓடவில்லை.

நான் தனுஷ்கோடிக்காரி. என் கணவர் சவரிமுத்து கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குப் போய் இந்தத் துறைமுகத்தில் கரையேறியவர். அவர் கப்பலேறுவதற்கு முந்தைய வருஷம் எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்தான். மருத்துவச்சி அருளாயி அவனைப் பஞ்சில் பொதிந்து, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் போத்தல் வைத்தாள்.

"ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?" என்றார் இவர்.

"ரயில்ல காத்து அடிக்குமேய்யா. பாம்பன் பாலம் தாண்டுறதுக்குள்ள வெறச்சிரும்" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "பேரு சொல்லுத்தா, தண்ணி ஊத்தணும்" என்றாள். அந்தோணி என்றேன். அவளே ஞானஸ்நானம் கொடுத்தாள். மூன்றாம் நாள் மூச்சு நின்றது. பிள்ளை பிறக்குமுன் துணி தைத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் அவனுக்கென்று ஒரு சட்டை இல்லை. அவன் அப்பாவின் வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கோயில் கல்லறையில் வைத்தோம்.

என் தையலைப் பார்த்த மிஸஸ் ஹார்டி ஒருநாள் வெள்ளைத் துணி கொடுத்து, சின்னச் சின்ன கவுன் தைக்கச் சொன்னார். "ஃபார் தி ஒன்ஸ் வி லூஸ்" என்றார். தளர்வாகத் தைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஞானஸ்நானத்துக்குத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து, கழுத்தில் லேஸ் வைத்து, தளர்வாகவே ஆறு தைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எதையும் தைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவற்றைக் கொண்டுபோன அன்று நர்ஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். பெரிதாக இருக்கிறது, பக்கவாட்டில் பிடித்துத் தருவாயா என்று கேட்டு என்னை ஒரு சிறிய அறைக்குள் அழைத்துப் போனாள். கட்டிலில் பதினெட்டு வயதிருக்கும் ஒரு பெண். துணைக்கு யாரும் இல்லை. அவள் பக்கத்தில், துவாலையின் மேல், மூச்சில்லாத பிள்ளை. மிஸஸ் ஹார்டி சொன்ன 'லூஸ்' எனக்கு அங்கேதான் விளங்கியது. நாம் பறிகொடுக்கிற பிள்ளைகளுக்கு என்று சொல்லியிருக்கிறார்.

நின்றபடியே பிடித்துத் தைத்தேன். சட்டையை வாங்கிய அந்தப் பெண்ணால் போட்டுவிட முடியவில்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் போட்டுவிட்டேன். என்னையறியாமல், "இங்கன பாருய்யா, கைய நீட்டு" என்று வாய் சொல்லியது.

என்ன சொன்னாய் என்றாள். கையை நீட்டச் சொன்னேன் என்றேன்.

"ஸே இட் அகெய்ன்."

இன்னொரு கையை நுழைக்கும்போது இன்னொரு தடவை சொன்னேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அவள் எந்த ஊருக்குப் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியே நகரக் கல்லறையின் வடக்கு ஓரத்தில் அடக்கம் செய்தது. மிஸஸ் ஹார்டி இடத்தைக் காட்டினார். வெள்ளைச் சட்டை இப்போதும் தைக்கிறேன், அளவாக.

அறுபத்து நான்கு டிசம்பர் புயலுக்குப் பிறகு, ராமேஸ்வரத்தில் கட்டிக் கொடுத்ததால் பிழைத்துக்கொண்ட என் நாத்தனாரின் கடிதம் வந்தது. "மதினி, கோயில்ல செவுரு மட்டும் நிக்கிது. கல்லறை இருந்த எடத்துல கடல் கெடக்கு. நம்ம பிள்ளையத் தேட வேண்டாம்" என்று யாரிடமோ சொல்லி எழுதவைத்திருந்தாள்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு இங்கே இரண்டு மெழுகுவர்த்தி வாங்கினேன். வடக்கு ஓரத்து ஈரப் புல்லில் ஒன்றை ஏற்றி வைத்தேன். மற்றதை வைக்க இடம் தெரியாமல் கோட்டுப் பைக்குள் பிடித்தபடி நின்றேன். வீடு வந்து கையை எடுத்தபோது, அது என் விரல்களின் அச்சோடு வளைந்திருந்தது.